கட்டம் கட்டிய பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை அஸ்தம்பட்டி மாடி அறையில் நாம் கூடியபோது என் புத்தகத்தைப் பார்த்து நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தலை நரைத்த பிறகும் படக்கதைப் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு அலைகிற கூட்டம் நாம். வீட்டில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், மருமகள்கள் சிரிக்கிறார்கள். நமக்குள் நாமே சிரித்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

அன்றைக்குப் பேச வந்த தம்பி கெட்டிக்காரர். கையெழுத்துப் போட்ட படக்கதைகளை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று பொறுமையாகச் சொன்னார். வெயில் விழும் சுவரில் மாட்டினால் மை வெளுத்துவிடும். ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனி உறையில் போட்டு, முதுகுக்கு ஒரு அட்டை கொடுக்க வேண்டும். ஈரம் ஆகாது, பூச்சி ஆகாது, வெறுங்கை ஆகாது. கைக்குழந்தை வளர்ப்பதே சுலபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன். அப்புறம் ஆளுக்கொன்றாக நம் பொக்கிஷங்களை மேசையில் பரப்பினோம். என்னுடையதை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்ததும் தம்பியின் கண் விரிந்தது. ஓவியரின் கையெழுத்து, அதுவும் அவர் கையாலேயே வரைந்த படத்தோடு. அடுத்த நொடியே முகம் சுண்டிப்போனது.

"அடடா, நாலு மூலையிலயும் கறைங்களே மேடம். குழம்புக் கையோட எடுத்துட்டீங்களா?"

நீங்கள் சிரித்தது அப்போதுதான். நானும் சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன். அது குழம்பு இல்லை. என்னவென்று அங்கே சொல்லத் தொடங்கியிருந்தால் உங்கள் டீ ஆறியிருக்கும், என் குரலும் உடைந்திருக்கும். அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், மஞ்சள் காட்டுக்கு நடுவே இருந்தது எங்கள் வீடு. தை பிறந்துவிட்டால் மஞ்சளைத் தவிர வேறு பேச்சு இருக்காது. கிழங்கை வெட்டி, கொப்பரையில் வேக வைத்து, களத்தில் காயப் போட்டு, கடைசியில் ஒரு பெரிய இரும்பு டிரம்மில் போட்டுச் சுற்றி மெருகு ஏற்றுவார்கள். அந்த டிரம் சுற்றும்போது எழும் தூசு இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அண்டா மூடி, மாட்டின் முதுகு, காயும் வேட்டி, பிள்ளைகளின் புருவம் என்று எதையும் விடாது. சளி சிந்தினால் அதுவும் மஞ்சள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை எந்தக் காட்டு வீடு என்று நகத்தைப் பார்த்தே வாத்தியார் சொல்லிவிடுவார்.

வீட்டில் அப்பா, அம்மா, நான். அப்பாவின் தம்பியான என் சித்தப்பா சேலத்தில் லாரி உதிரிபாகக் கடையில் வேலைக்கு இருந்தார். வாரம் ஒருமுறை வருவார். வரும்போது ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் எனக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கி வருவார். அந்த மெல்லிசான கறுப்பு வெள்ளைப் புத்தகத்தின் மணம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்தது போல இருக்கும். எங்கள் வீட்டில் மஞ்சள் மணம் இல்லாத ஒரே பொருள் அதுதான் என்பதால் மூக்கை அதற்குள்ளேயே வைத்திருப்பேன்.

காலி மஞ்சள் சாக்குகள் அடுக்கியிருந்த உள்ளறைதான் என் கண்காட்சி. இரண்டு ஆணிக்கு நடுவே ஒரு கயிறு கட்டி, புத்தகங்களைப் பாதியில் விரித்துத் துணி காயப் போடுவது மாதிரி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில் அப்படித்தான் தொங்கும்.

"படிக்கற புள்ள ரூமா இது, பொட்டிக்கடையா?" என்பாள் அம்மா. ஆனால் பெருக்கும்போது ஒரு புத்தகத்தின் மேலும் விளக்குமாறு படாமல் பெருக்குவாள்.

அந்தக் கதைகளில் எனக்குப் பிடித்த ஒருவர் இருந்தார். பாழடைந்த கோட்டைகளுக்குள் ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் ஏந்திக்கொண்டு போய்த் துப்பறிபவர். அவரை வரைந்த ஓவியருக்கு, இருட்டை வரைய எத்தனை புட்டி மை ஆகும் என்று கேட்டுப் பதிப்பகத்தின் முகவரிக்கு ஒரு கார்டு எழுதினேன். சித்தப்பாதான் தபாலில் போட்டார். கீழே என் பள்ளிக்கூடப் பெயரை முழுதாக, அழகாக எழுதியிருந்தேன்.

இந்தப் பெயர் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தது. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த அதே பெயர்தான், இங்கே எழுதவில்லை. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதே கிடையாது. அப்பாவுக்கு நான் அம்முணி. அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் சாமி. எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு மாதிரி, அந்தப் பெயரும் வெளியே போகும்போது போட்டுக்கொள்கிற ஒன்று என்று நினைத்திருந்தேன்.

மாசி மாதம் ஒரு காலை. களத்தில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா மண்வெட்டியால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். தபால்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, ஒரு உறையைத் தூக்கிப் பிடித்து, என் பள்ளிக்கூடப் பெயரை உரக்கக் கூவினார்.

"இந்தப் பேருக்கு ஒரு பொஸ்தகம் வந்துருக்குதுங்க!"

கொப்பரைக்குத் தீ தள்ளிக்கொண்டிருந்த அம்மா அப்படியே எழுந்து நின்றாள். அப்பாவின் மண்வெட்டி நின்றது. நான் ஓடினேன். ஆனால் அப்பா எனக்கு முன்னால் போய் உறையை வாங்கிவிட்டார். பிரித்தார். அட்டையைப் புரட்டினார். முதல் பக்கத்தைப் பார்த்தார்.

அவர் பார்த்ததை நீங்களும் அன்றைக்குப் பார்த்தீர்கள். தூரிகையால் இழுத்த தடித்த கறுப்புக் கட்டம். அதற்குள் பெரிய எழுத்தில் என் பெயர். பக்கத்தில் எரிகிற ஒரு மெழுகுவர்த்தி. கட்டத்துக்குக் கீழே ஓவியரின் கையெழுத்து. ஓவியருக்கு வேறு என்ன தெரியும்? வாழ்நாள் முழுக்கக் கட்டம் போட்டு அதற்குள் கதையை வரைந்த மனுஷர். ஒரு சின்னப் பெண் கேட்டாள் என்று அவளுக்கும் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். படக்கதைக்காரருக்குக் கட்டம் என்றால் கதை. எங்கள் ஊரில் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டி, பக்கத்தில் விளக்குப் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கருமாதிப் பத்திரிகை.

"எழவுக் காயிதம்" என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

எழவுக் காயிதத்தை எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். வாசலுக்கு வெளியிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள். தேதி நினைவிருக்க வேண்டும் என்றால் வெளிப்பக்கமாக எறவாரத்தில், அதாவது ஓடு இறங்கி நிற்கும் விளிம்பில், செருகி வைப்பார்கள். அப்பா வீட்டின் பின்பக்கம் போய் என் புத்தகத்தை எறவாரத்துக்குள் செருகினார். பிறகு திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார்.

"அவளுக்குத் தலைக்கு ஊத்து."

அம்மா என் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போனாள். பாவாடை சட்டையோடு நிற்க வைத்து, பட்டப்பகலில், குடம் குடமாக என் தலையில் ஊற்றினாள். சாவுச் செய்தி வந்தால் தலைக்கு ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். மூச்சு முட்டியது. தண்ணீர் வழிகிற கண்ணோடு கேட்டேன்.

"யாருங்கம்மா செத்துப்போனாங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள். 

இந்த வயதில் எத்தனையோ பயங்களைப் பார்த்தாயிற்று. ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நடுரோட்டில் பிரேக் பிடிக்காத வண்டியில் இருந்திருக்கிறேன். அந்தத் தொட்டியடியில் ஈரத்தோடு நின்று, இரண்டு பேரும் என்னையே பார்த்தார்களே, அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் வேறு எதுவும் வரவில்லை.

அன்று மத்தியானமே கயிற்றில் தொங்கிய புத்தகங்களை எல்லாம் அம்மா ஒரு மஞ்சள் சாக்கில் அள்ளிப் போட்டு வெளிக்கொட்டகையில் வைத்துவிட்டாள். வெறும் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை. எறவாரத்தில் இருந்த புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எல்லோரும் களத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, அதை உருவினேன். வீட்டின் பின்பக்கச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து படித்தேன்.

படிக்காமல் இருந்திருக்கலாம். அந்தக் கதையில் வருகிற கோட்டைப் பிரபு, யாரைக் கொல்லப் போகிறானோ அவர்களின் பெயரைச் சுவரில் எழுதிச் சுற்றிக் கட்டம் கட்டுவான். கட்டத்துக்குள் பெயர் ஏறிவிட்டால் அந்த ஆளின் கண் மாறத் தொடங்கும். கருவிழி தேய்ந்து தேய்ந்து கடைசியில் வெறும் வெள்ளையாக நிற்கும். ஓவியர் அந்த வெள்ளைக் கண்களை எவ்வளவு நன்றாக வரைந்திருந்தார் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு உள்ளங்கை வியர்த்து, அட்டையில் விரல் ஒட்டியது. புத்தகத்தைப் பழையபடி செருகிவிட்டு உள்ளே போய்க் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தேன். கருவிழி இருந்தது. கொஞ்சம் சின்னதாகிவிட்ட மாதிரியும் இருந்தது.

மறுநாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். அதற்கு முன்னால் அவர் செய்ததுதான் விசித்திரம். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார், சோப்புப் போட்டுத் தேய்த்தார், மறுபடி சாம்பலுக்குப் போனார். மஞ்சள்காரர் கை அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. ஓரளவு வெளுத்ததும் என்னை வெயில் பார்க்க நிற்க வைத்தார்.

"அம்முணி, கண்ணத் தொற."

கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து உற்றுப் பார்த்தார். ஒரு கண், பிறகு மறு கண். அவர் மூச்சு என் மூக்கில் பட்டது. பிறகு என் நகங்களைக் கழுவச் சொல்லி, அவற்றையும் பார்த்தார். அப்படியே களத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் இது நடந்தது.

அப்பாவுக்குப் படக்கதை படிக்கிற வழக்கம் கிடையாது. அப்படியிருக்கப் பிரபுவின் கட்டத்துக்குள் விழுந்தவர்களுக்குக் கண்தான் முதலில் மாறும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?  புத்தகத்தில் இருந்தது கதை என்றால் அப்பா ஏன் பார்க்க வேண்டும்? அவர் பார்க்கிறார் என்றால் அது கதை இல்லை. அப்படித்தான் கணக்குப் போட்டேன். என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை, தொட்டிப் பக்கம் விடவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. என் கையில் அம்மா கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். எல்லாம் எனக்குச் சரியாகவே பொருந்தியது.

அந்த வாரம் சித்தப்பா வந்தார். கையில் புதுப் புத்தகம் இருந்தது. வெறும் கயிற்றைப் பார்த்துவிட்டு அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். என்னைக் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"எம்பேரு கட்டத்துக்குள்ள வந்துருச்சு. நான் செத்துருவனாங்க சித்தப்பா?"

சித்தப்பா பதறிப்போனார். "எவன் சொன்னான்? ஒளறாத சாமி." சாக்கின் மேல் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "அது உன்ற பேரு மட்டுமில்ல. எங்களுக்கு ஒரு பொறந்தவ இருந்தா. உங்கப்பனுக்கு எளையவ, எனக்கு மூத்தவ. அவ பேருதான் உனக்கு."

"எங்க இருக்குறாங்க?"

"இல்ல சாமி. உன்ற வயசுல போயிட்டா. மஞ்சக் காமாலை."

அவர் சொல்லி முடித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அதுவும் இதே போல மாசி மாதம். டிரம் சுற்றிக்கொண்டிருந்த நேரம். வீட்டில் எல்லோரும் தலை முதல் கால் வரை மஞ்சளாக இருந்தார்கள். அந்தப் பெண்ணின் கண் மஞ்சளானதை யாரும் கவனிக்கவில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் எதிர்வீட்டுக்காரி பார்த்துச் சொல்லியிருப்பாள். இங்கே பார்த்தவர்கள் எல்லாம் தூசு என்றார்கள். சோறு பிடிக்கவில்லை என்றவளை வேலைக்குக் கள்ளம் என்று அண்ணன் கேலி செய்தாராம். அந்த அண்ணன்தான் என் அப்பா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கைமீறிவிட்டது.

"பேரு வெக்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னதும் உங்கப்பன்தான். வெச்சுப்போட்டு, வாயில வர மாட்டேங்குதுன்னதும் உங்கப்பன்தான்" என்றார் சித்தப்பா. "அந்தப் பேருக்குக் கட்டம் கட்டி ஏற்கெனவே ஒருக்கா காயிதம் அடிச்சாச்சு சாமி. அண்ணன் அதத்தான் மறுக்காப் பாத்துருக்குது."

சொன்னால் பயம் தெளியும் என்று அவர் நினைத்தார். பெரியவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கு அதுவரை புத்தகத்துக்குள் மட்டும் இருந்த பிரபு, அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கே ஒருமுறை வந்து போனவன் ஆகிவிட்டான். என் பெயரில் ஒருத்தி, என் வயதில், இதே களத்தில். அவள் எந்தப் பாயில் படுத்திருந்தாள் என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா மஞ்சளை ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்கு ஏலத்துக்குப் போனார். விலை படியவில்லை என்று அங்கேயே தங்கிவிட்டார். காலைப் பரிசோதனை நின்றது. நானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். கருவிழி பத்திரமாக இருந்தது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. நான் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். அப்பாவோ கண்ணின் வெள்ளை மஞ்சளாகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இது இப்போது புரிகிறது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அடிவயிறு கனத்தது. வாந்தி எடுத்தேன். "பயந்த கோளாறு" என்று அம்மா வேப்பிலை அடித்துக் கூட்டி வந்தாள். அவளையும் குறை சொல்ல முடியாது. நான் பயந்துதான் இருந்தேன், அது பார்த்தாலே தெரிந்தது. அதற்குள் இருந்த நோய் தெரியவில்லை.

அப்பா திரும்பி வந்த காலையில் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. நான் எழுந்து போக முடியாமல் களத்து ஓரத்தில் ஒரு சாக்கின் மேல் சுருண்டிருந்தேன். தூசு என் மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. உடம்பு என்னுடையது மாதிரியே இல்லை. என் கண் வெளுத்துவிட்டது, கருவிழி போய்விட்டது என்று நிச்சயமாக நம்பினேன். அப்பா அதைப் பார்த்தால் செத்தே போவார் என்று தோன்றியது. அவர் செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"அம்முணி, கண்ணத் தொற."

நான் திறக்கவில்லை.

"அம்முணி."

இன்னும் இறுக்கிக்கொண்டேன். யாரோ ஓடிப்போய் டிரம்மை நிறுத்தினார்கள். களம் அமைதியானது. அந்த அமைதியில் அப்பா என் பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடப் பெயரை. தபால்காரர் கூவியது போல இல்லை. முள்ளை விழுங்குகிறவர் போல, மெதுவாக, பாதியில் நின்று, மிச்சத்தையும் சொன்னார். அந்தக் குரலில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. என்னை அறியாமல் கண் திறந்துகொண்டது.

அப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மஞ்சத் தூசுங்க" என்றாள் அம்மா. "டிரம்முகிட்டயே ஒக்காந்துட்டு இருந்தா, கண்ணுல பட்டுருக்குமுங்க."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னோம்" என்றார் அப்பா.

என்னைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினார். முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்தார். இமையை விரித்துப் பார்த்தார். மறுபடி அடித்தார். மஞ்சள் தண்ணீர் கழுத்து வழியாக ஓடி, பிறகு தெளிந்த தண்ணீராக ஓடியது. வேட்டி நுனியால் ஒற்றிவிட்டு மறுபடி பார்த்தார். அவசரத்தில் அவர் விரல் கண்ணிலேயே குத்தியது.

"கழுவியும் போகல" என்றார். அம்மாவைத் திரும்பிப் பார்த்து அலறினார். "கழுவியும் போகலடி!"

மூட்டை ஏற்ற வந்திருந்த டெம்போ வாசலில் நின்றது. பாதி ஏற்றிய மூட்டைகளோடேயே கிளம்பச் சொன்னார். டிரைவருக்குப் பக்கத்தில் என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா பின்னால் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டாள். எனக்குத் தூக்கம் சொக்கியது. நான் தூங்கிவிடக் கூடாது என்று அவருக்கு ஏனோ தோன்றியிருக்கிறது. வழியெல்லாம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ராசிபுரம் வரைக்கும் கூப்பிட்டார். ராசிபுரம் தாண்டியும் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் நான் "ம்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குரல் உயரும். பிறந்ததிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் சேலம் போவதற்குள் சொல்லித் தீர்த்தார். அதில் எத்தனை முறை என்னைக் கூப்பிட்டார், எத்தனை முறை அவளைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் அவருக்கும் தெரிந்திருக்காது.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ரத்தம் எடுத்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தத் தூசுல எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். அப்பா நாற்காலியில் இருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் அப்பா அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அப்போதும் பயம்தான். ஆனால் செத்துப்போவேன் என்கிற பயம் இல்லை. ஒருத்தர் இவ்வளவு அழுகிற அளவுக்கு நான் முக்கியம் என்று தெரிந்துபோனதில் வருகிற பயம் அது.

உப்பில்லாத கஞ்சியும் மோருமாக நாட்கள் போயின. பங்குனி வெயில் ஏறியபோது வீட்டுக்கு வந்தோம். மஞ்சள் முழுக்கப் போய்விட்டிருந்தது, களம் வெறுமையாகக் கிடந்தது. நான் முதலில் வீட்டின் பின்பக்கம்தான் போனேன். எறவாரத்தில் என் புத்தகம் அப்படியே இருந்தது. அதன் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றார். கையை நீட்டி அதை உருவினார், வலையைத் துடைத்தார்.

"அத ஏனுங்க இன்னும் கிழிக்காம வெச்சிருக்கறீங்க?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

"எப்புடிக் கிழிக்கறது? அவ பேரு இருக்குது."

அந்த 'அவ' யார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அவர் முன்வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். எங்கள் காட்டில் விளைந்த ஒரு விரலி மஞ்சளை எடுத்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, கல்லில் உரைத்தார். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வது மாதிரி, என் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நான்கு மூலைக்கும் அந்த விழுதைத் தொட்டுத் தொட்டுத் தடவினார். ஓவியர் போட்ட கட்டத்தில் படாமல், பெயரில் படாமல், அவ்வளவு நிதானமாகத் தடவினார். வெயிலில் காட்டிக் காய வைத்தார்.

"இப்ப இது நல்ல காயிதம்" என்றார். "ஊட்டுக்குள்ள வரலாம்."

உள்ளறைக்குப் போய் அவரே கயிற்றில் தொங்கவிட்டார். கொட்டகைச் சாக்கில் இருந்த மற்றப் புத்தகங்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டார். தலைகீழாகப் போட்டதை நான் பிறகு திருப்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் வாயில் என் பெயர் சரளமாக வந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். வரவில்லை. மறுநாளே நான் பழையபடி அம்முணி ஆகிவிட்டேன், அவர் போகும்வரை அம்முணியாகவே இருந்தேன். நான் வளர்ந்து இன்னும் சில ஓவியர்களிடம் கையெழுத்துக் கேட்டு எழுதியபோது, கட்டம் மட்டும் போட வேண்டாம் என்று மறக்காமல் ஒரு வரி சேர்த்தேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

இனி நம் தம்பி சொன்ன பாடத்துக்கு வருகிறேன். வெயில் விழும் சுவரில் மாட்டக் கூடாது என்றது உண்மை. கயிற்றில் தொங்கிய காலத்தில் ஓவியரின் கையெழுத்து பாதி வெளுத்துவிட்டது. பயந்துபோய் எல்லாவற்றையும் மறுபடி மஞ்சள் சாக்கில் போட்டுத்தான் வெகுகாலம் வைத்திருந்தேன். ஒரு பூச்சி அரிக்கவில்லை. வேண்டுமானால் நீங்களும் செய்து பாருங்கள், ஆனால் தம்பி காதில் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று. பிரபு கட்டம் கட்டும் எந்தச் சுவரிலும் மெழுகுவர்த்தி கிடையாது. மெழுகுவர்த்தி துப்பறிபவருடையது. அவர் வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் அந்த ஓவியர் எனக்கு வரைந்து அனுப்பியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

நேற்றுத் தம்பி போன் செய்தார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தது அவருக்கு உறுத்தியிருக்கிறது, பாவம். விசாரித்து வைத்திருக்கிறார்.

"மேடம், அது குழம்பில்லீங்க, மஞ்சளாட்ட இருக்குது. கவலப்படாதீங்க. ஒரு மருந்து இருக்குது, பஞ்சுல தொட்டு ஒத்தி ஒத்தி எடுத்தாப் போயிருமுங்க."

மஞ்சள் போய்விடும். இந்த வார்த்தையைக் கேட்க அந்தத் தொட்டியடியில் என் அப்பா என்ன பாடு பட்டார். 

"வேண்டாஞ் சாமி" என்றேன். "இந்த மஞ்ச போகவே கூடாது."